அண்ணன் கை வைத்த புடவை

பட்டுப் புடவையை விரித்துக் காட்டும்போது மின்விசிறி போடக் கூடாது. போட்டால் முந்தானை எழும்பி வந்தவர் முகத்தில் அடிக்கும். மேலே கிடக்கிற புடவை வழுக்கிக்கொண்டு தரைக்குப் போகும். ஏசி போடலாமே என்பீர்கள். எங்கள் முதலாளியிடம் அதற்கும் பதில் இருந்தது. "ஏசி போட்டா சனம் எழுந்து போவாதும்மா. புடவ எடுக்க வந்தவங்க தூங்கி எழுந்து டீ கேப்பாங்க."

ஆக, ஆரணி வெயிலில், நான்கு பக்கமும் அலமாரி அடைத்த ஒரு கூடத்தில், வெள்ளை விரிப்பு போட்ட மேடைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்து, காலை பத்து மணியிலிருந்து புடவை காட்டுவார் எங்கள் கடையில் விற்பனைக்கு இருந்த அண்ணன். ஓயாமல் வேர்க்கிற ஒரு மனிதருக்கு இதைவிடப் பொருந்தாத வேலையைத் தேடினாலும் கிடைக்காது.

ஆனால் ஒன்று சொல்லிவிட வேண்டும். அவர் அந்த வேலைக்கு வந்தபோது வேர்வை அவரோடு வரவில்லை. நாற்பத்தேழு வயது வரைக்கும் அவர் ஊரில் எல்லாரையும் போலத்தான் வேர்த்தார்.

நான் அங்கே மடிக்கிற வேலையில் இருந்தேன். அவர் விரிப்பார், நான் மடிப்பேன். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை தங்கச்சி என்பார், கோபம் வந்தால் "ஏம்மா மடிப்பு" என்பார். சேர்ந்த முதல் நாளே சொன்னார்: "நான் கலைக்கிறவன், நீ சேக்கிறவ. நம்ம ரெண்டு பேர்ல யாருக்குப் புண்ணியம்னு மேல போயி கேட்டுக்கலாம்."

புடவை நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் ஒரு நாளும் சொன்னதில்லை. "இத மட்டும் எடுக்காதீங்க. உங்க நாத்தனார் பாத்தா ஒரு வாரம் தூங்க மாட்டாங்க" என்பார். அந்த அம்மாள் அதைத்தான் எடுத்துக்கொண்டு போவாள். கூட வந்த கணவர்மார்களைப் பார்த்தால் குரலில் ஒரு கரிசனம் வந்துவிடும். "சாருக்கு ஒரு சேர் போடும்மா. அவரு எதுவும் சொல்ல வேணாம், உக்காந்திருந்தா போதும்." அவர்களும் விடுதலையானவர்கள் மாதிரி உட்கார்ந்து போனை எடுத்துக்கொள்வார்கள்.

அப்படிப்பட்டவருக்கு ஒரு பங்குனி மாதக் காலையில் மூக்கு நுனியில் ஒரு சொட்டு வந்து நின்றது. தோள் துண்டால் ஒற்றிக்கொண்டார். இன்னொன்று வந்தது. ஒரு மாதத்தில் நெற்றி, கழுத்து, முதுகு என்று பரவி, கடைசியில் உள்ளங்கைக்கு வந்து குடியேறியது. கையை நீட்டி வைத்துக்கொண்டிருந்தாலே போதும், கோலத்துக்குத் தண்ணீர் தெளித்த மாதிரி பொடிப்பொடியாக முத்து கட்டும்.

வேலைக்கு மூன்று துண்டு கொண்டு வருவார். மஞ்சள் துண்டு மத்தியானம் வரை, நீலத் துண்டு நாலு மணி வரை, அப்புறம் ஒரு பழைய குற்றாலத் துண்டு கடை மூடும் வரை. பிழிந்ததைப் பின் ஜன்னலில் காயப்போட்டுவிட்டு வந்து உட்காரும்போது சொல்வார்: "நாகநதியில தண்ணி இல்லன்னு எவன் சொன்னது? ரூட்டு மாத்தி இப்படி வந்துகினு கீது."

காரணம் மட்டும் யாருக்கும் தெரியவில்லை. போளூரிலிருந்து வந்த அவர் மாமியார், கண் பட்டிருக்கிறது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். வீடே இருமியது, இவர் மட்டும் இருமவில்லை, வேர்த்தார். வெட்டிவேர்த் தண்ணீர் குடித்தார். நன்னாரி குடித்தார். யாரோ சொன்னார்கள் என்று மோரில் எதையோ அரைத்துக் கலக்கிக் குடித்தார். "உள்ள ஊத்துறது எல்லாம் வெளிய வந்துகினே கீது. நான் இன்னா மண்பானையா?" என்று என்னைக் கேட்டார். நான் சிரித்ததற்கு, "சிரி, சிரி. உனுக்கும் நாப்பத்தேழு வரும்" என்றார்.

வேலூரில் ஒரு டாக்டரிடம் போனார். சர்க்கரை பார்த்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், நெஞ்சில் ஒயர் ஒட்டிப் பார்த்தார்கள். அந்தக் கதையை அவர் வாயால் கேட்க வேண்டும். மறுநாள் புடவை எடுக்க வந்தவர்களே புடவையை விட்டுவிட்டுக் கேட்டார்கள்.

"எல்லாம் நார்மல்னு சொல்றாரு. 'அப்போ இது இன்னா சார்?'னு கைய நீட்டுறேன். 'இதுவும் நார்மல்தான், கொஞ்சம் ஜாஸ்தி'ங்கிறாரு. அப்பறம் சொல்றாரு, 'நீங்க டென்ஷன் ஆகக் கூடாது.' அவரு சொன்னாரு பாருங்க, அந்த நிமிஷம் குப்புன்னு வந்துச்சி. அவரு மேசையில இருந்த என்னோட ரிப்போர்ட்டே நனைஞ்சிப் போச்சி. நார்மல்னு எழுதின எடம்தான் மொதல்ல அழிஞ்சிது."

சிரிக்கச் சிரிக்கச் சொன்னாரே தவிர, உள்ளே பயம் இருந்தது. பட்டில் ஒரு சொட்டு வேர்வை விழுந்து காய்ந்தால் வட்டமாக ஒரு கறை நிற்கும். சந்தன நிறம், பால் நிறம் என்றால் தூரத்திலிருந்தே தெரியும். அப்படி இரண்டு புடவை வீணானது. முதலாளி சத்தம் போடுகிறவர் இல்லை. சத்தம் போடாததுதான் அவரிடம் பயம். இரண்டாவது புடவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இன்னொண்ணு ஆச்சின்னா நீ பார்சல் ரூமுக்குப் போயிடுப்பா" என்றார்.

பார்சல் ரூம் என்பது கடைக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத ஓர் அறை. அட்டைப்பெட்டி, கோணி ஊசி, டேப். வெளியூருக்குப் போகிற புடவைகளை அங்கே கட்டுவோம். சம்பளம் ஒன்றும் குறையாது. ஆனால் இருபது வருஷமாக மனிதர்களோடு பேசிப் பேசியே உயிர் வளர்த்த ஆளுக்கு அது ஜெயில். அன்று டீ குடிக்கும்போது சிரிக்காமல் சொன்னார்: "பெட்டிகிட்ட போயி நாத்தனார் கதை சொல்லுவனா தங்கச்சி?"

அதற்கப்புறம்தான் அவருடைய உபாயங்கள் ஆரம்பித்தன.

முதலில் பவுடர். உள்ளங்கையில் அரை டப்பா கொட்டித் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்து நிமிஷம் நன்றாகத்தான் போனது. பிறகு பவுடரும் வேர்வையும் சேர்ந்து மாவானது. கருநீலப் புடவை ஒன்றைத் தட்டி, "நெசவப் பாருங்கம்மா" என்றார். கையை எடுத்தால் ஐந்து விரலும் அச்சாகப் பதிந்திருக்கின்றன. அந்த அம்மாள் பார்த்துவிட்டு, "இது புது டிசைனா?" என்றாள். நல்லவேளை, தட்டினால் போய்விட்டது.

அடுத்தது வெள்ளைக் கையுறை. நகைக்கடையில் போடுகிறார்களே என்று வாங்கி வந்தார். ஒரு பெரியம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இன்னா நைனா, கையில ஏதாச்சும் வியாதியா?" என்று கேட்டுவிட்டு, நாங்கள் பதில் சொல்வதற்குள் ஒரு முழம் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். கூட இருந்தவர்களும் நகர்ந்தார்கள். அன்றைக்கு மேடையைச் சுற்றி ஒரு முழம் காலியாகவே இருந்தது.

கடைசியில் நாங்களே ஓர் ஏற்பாட்டுக்கு வந்தோம். அவர் கையைக் கட்டிக்கொண்டு பேசுவார். நான் விரிப்பேன், நானே மடிப்பேன். "இனிமே நீ கை, நான் வாய்" என்றார். எனக்கு வேலை இரட்டிப்பானது. பரவாயில்லை, அவர் பேச்சைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாமே.

இதில் இன்னொரு வேடிக்கை நடந்தது. பேரம் பேச வந்தவர்கள் அவருடைய முகத்தைப் பார்ப்பார்கள். நெற்றியிலிருந்து தாரையாக ஓடும். "பாவம்ங்க, அந்த மனுஷன இன்னா பாடு படுத்துறீங்க, வுடுங்க" என்று மனைவி கணவனை அடக்குவாள். வேறு சிலரோ காதைக் கடித்துக்கொள்வார்கள்: "பொய் சொல்றான். பாரு, எப்படி வேர்க்குது." ஒரே வேர்வைதான். இவர் இரண்டையும் கேட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடிப்பார்.

அந்த வருஷம் ஆனியில் ஒரு நாள். பெண்ணுக்கு முகூர்த்தப் புடவை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. நான் எடுத்துப் போட்ட அரக்குப் புடவை மேடை விளிம்பிலிருந்து சரிந்தது. தரையில் விழப் போகிறதே என்று அவர் தன்னை மறந்து இரண்டு கையாலும் பிடித்துவிட்டார். மடியில் வாரிப் போட்டு, கையை எடுத்தார். இரண்டு உள்ளங்கையும் சிவப்பு.

"ஐயோ ரத்தம்!" என்று மணப்பெண் கத்தினாள். அவள் அத்தை எழுந்தே விட்டாள்.

இவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகர்ந்தார். "ரத்தம் இல்லம்மா. சாயம்" என்றார்.

சாயம் ஒழுங்காக ஏறாத நூல். வேர்வை பட்டதும் இறங்கிவிட்டது. இதைக் கல்லாவில் முதலாளியும் கேட்டார், வந்தவர்களும் கேட்டார்கள். வேறொருவராக இருந்தால் வேறு ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பார். இவருக்கு அது தோன்றவே இல்லை.

"அப்போ இதக் கட்டினா பொண்ணுக்கு?" என்றாள் அத்தை.

"மணமேடையில ஓமப் புகையில ஒரு மணி நேரம் உக்காந்தா போதும்மா. எழுந்துக்கும்போது மாப்பிள்ளை வேட்டியும் அரக்குதான்."

முதலில் சிரித்தது அந்த மணப்பெண்தான். அப்புறம் அத்தை உட்கார்ந்தாள். உட்கார்ந்து, ஒரு வார்த்தை சொன்னாள். அதுதான் அவர் தலையெழுத்தை மாற்றியது. "அப்போ நாங்க எடுக்கிற எல்லாத்துலயும் கை வெச்சிக் காட்டுங்க."

வைத்தார். புடவையின் மேலே வைக்கவில்லை. இடுப்பில் செருகுகிற உள்முனையில், யார் கண்ணுக்கும் படாத இடத்தில், உள்ளங்கையை அழுத்தி இருபது வரை எண்ணினார். பிறகு வெள்ளைக் கைக்குட்டையில் கையைத் துடைத்துக் காட்டினார். கைக்குட்டை வெள்ளையாகவே இருந்தால் எடுக்கலாம். அவர்கள் ஐந்து புடவை எடுத்துக்கொண்டு போனார்கள். போன வேகத்தில் சேதியும் போனது.

ஆவணி வருவதற்குள் சனம் கேட்டு வர ஆரம்பித்தது. "அந்த வேர்க்கிற அண்ணன் கை வெச்ச புடவ காட்டுங்க." சாயம் போடுகிறவர்களே நூல் கண்டைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு வந்து, "கொஞ்சம் புடிண்ணா, பாஸா பெயிலா?" என்று கேட்டுப் போனார்கள். முதலாளி ஒரு மூட்டை வெள்ளைக் கைக்குட்டை வாங்கிப் போட்டார். மழை பிடித்து ஊர் குளிர்ந்துபோன ஒரு நாள், இவர் கை காய்ந்து கிடந்தது. முதலாளியே எழுந்துபோய்ச் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி வாங்கி வந்து, "சாப்புடு, ஜல்தி, ஆளு உக்காந்துகினு கீறாங்க" என்றார். பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே இவர் என் பக்கம் குனிந்தார். "பாத்தியா தங்கச்சி? போன பங்குனியில எனுக்கு வேர்த்தா அவருக்கு பேஜாரு. இப்போ வேர்க்கலன்னா பேஜாரு."

நடுவயதில் வந்த அந்த இழவு வேர்வையை அவர் கொஞ்சம் பெருமையாகத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தது அப்போதுதான்.

இப்படியே போயிருந்தால் நான் இதை எழுத வேண்டியதில்லை.

மறு வருஷம் முகூர்த்த மாதத்தில் ஒரு சரக்கு வந்தது. சந்தன நிற உடல், அரக்குக் கரை. பார்க்க அப்படி இருக்கும். முதலாளியின் மச்சான் சாயம் போட்ட நூல். முதல் புடவையை எடுத்துக் கை வைத்ததுமே இவருக்குத் தெரிந்துவிட்டது. கைக்குட்டையைக் காட்டினார். முதலாளி அதை மடித்துத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இந்தச் சரக்குல மட்டும் கை வெக்காத."

"கேப்பாங்களேங்க."

"கேட்டா, இன்னிக்கு வேர்க்கலன்னு சொல்லு. வேர்க்கிறதும் வேர்க்காததும் உன் கையிலயா கீது?" என்று சொல்லிவிட்டு, மெதுவாக, "பார்சல் ரூமுல ஆளு இல்லாம கீது" என்றார்.

அன்றைக்குப் பதினோரு மணிக்குப் பெரணமல்லூரிலிருந்து ஓர் அம்மாள் தன் பெண்ணோடு வந்தாள். அதிகம் பேசாத அம்மாள். பெண் அந்தச் சந்தனப் புடவையைப் பார்த்ததும் கையில் எடுத்துக்கொண்டாள், வைக்கவே இல்லை. அந்த அம்மாள் இவரைப் பார்த்து, "கை வெச்சிக் குடுப்பீங்களாமே. எங்க ஊர்ல சொன்னாங்க" என்றாள். பெண் புடவையை அவர் மடியருகே நீட்டினாள்.

நான் இவரைப் பார்த்தேன். கல்லாவிலிருந்து முதலாளியும் பார்த்தார். இவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு எனக்கு," என்று ஆரம்பித்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "இன்னிக்கு எனக்கு வேர்க்கலிங்க."

சொல்லி முடிக்கவில்லை. தலைமுடிக்குள்ளிருந்து ஒரு கோடு இறங்கியது. நெற்றியில் வந்தது. புருவத்தில் ஒரு நிமிஷம் தங்கி யோசித்தது. பக்கத்தில் இன்னொன்று. காதோரம் ஒன்று. கையைப் பின்னால் கட்டியிருக்கிறாரே, துடைக்கக் கையை எடுத்தால் உள்ளங்கை தெரிந்துவிடும். அவர் எடுக்கவில்லை. மூக்கு வழியாக இறங்கி நுனியில் வந்து அது தொங்கியது. அந்த அம்மாள் அதைப் பார்த்தாள். பெண்ணும் பார்த்தாள். முதலாளி எழுந்து நின்றார். நான் மடித்த புடவையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, விழாதே, விழாதே என்று அந்தச் சொட்டிடம் வேண்டிக்கொண்டிருந்தேன்.

விழுந்தது. சரியாகக் கரையில். அரக்கு கொஞ்சம் கொஞ்சமாக எழுந்து சந்தனத்துக்குள் நடந்து போனது.

முதலில் பேசியது அவர்தான், அந்த அம்மாளிடம் இல்லை, கல்லாவைப் பார்த்து: "நான் ஒண்ணும் பண்ணலிங்க. அதுவா இறங்கிடுச்சி."

அந்த அம்மாள் பெண்ணின் கையிலிருந்து புடவையை வாங்கி மேடைமேல் வைத்தாள். "இன்னொரு நாளைக்கு வரோம்ங்க" என்றாள். போய்விட்டார்கள்.

பட்டுக்கடையில் இன்னொரு நாளைக்கு என்றால் என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியாதா? முதலாளி பின்பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இவர் மூன்று துண்டையும் எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

ஒரு வாரம் அவர் பார்சல் ரூமில் இருந்தார். வெளியே வேறொருவர் உட்கார்ந்து, இது நன்றாக இருக்கும், அது நன்றாக இருக்கும் என்று காட்டிக்கொண்டிருந்தார். யாராவது "அந்த அண்ணன் எங்க?" என்றால், லீவு என்று சொல்லச் சொல்லி உத்தரவு. மத்தியானம் நான் டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து டேப்பைக் கிழிக்க முடியாமல் தடுமாறிக்கொண்டிருப்பார். ஈரக் கையில் டேப் ஒட்டாது. "பெட்டிங்க எல்லாம் நல்ல மாதிரிதான். ஒண்ணு கூட வெலைய குறைன்னு கேக்கல" என்பார். சிரிக்க முயற்சி செய்வார். ஆறாம் நாள் அதையும் சொல்லவில்லை. டீயை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, "இருபது வருஷத்துல ஒரே ஒரு பொய் சொன்னேன் தங்கச்சி. அது கூட சொல்லி முடிக்க வுடல" என்றார்.

எட்டாம் நாள் காலையில் இரண்டு கார் வந்து நின்றது. முதலில் இறங்கியவள் பெரணமல்லூர் அம்மாள். பின்னால் அவள் பெண், அவளுடைய இரண்டு அக்காள்கள், அவர்களுடைய மருமகள்கள். முதலாளி வாசல்வரை ஓடிவந்து, "வாங்கம்மா, வாங்க" என்று மேடையைக் காட்டினார்.

அந்த அம்மாள் உட்காரவில்லை. "அவரு எங்க?"

"லீவும்மா. வேற ஆளு காட்டுவாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. கண் மட்டும் பின்பக்கம் போய்விட்டது. அதை நான் என்ன செய்ய முடியும்? அவள் நேராக நடந்தாள். அவள் பின்னால் அத்தனை பேரும். பார்சல் ரூமில் பெட்டிக்கு ஒருவராக உட்கார்ந்துகொண்டார்கள். இவர் கையில் டேப்போடு எழுந்து நின்று, "இங்க எல்லாம் அழுக்கும்மா" என்றார்.

"இருக்கட்டும். புடவய இங்கியே எடுத்துகினு வரச் சொல்லுங்க. வாய் சொல்லலன்னாலும் உங்க மூஞ்சி சொல்லிடுது. கடைக்கு ஒருத்தரு அப்படி இருந்தா போதும்" என்றாள் அதிகம் பேசாத அந்த அம்மாள்.

முதலாளி வாசலில் நின்று கையைப் பிசைந்தார். "அம்மா, இந்த ரூமுல காத்தே வராதும்மா. ஒரு பேன் கூட கெடையாது. முன்னாடி வந்து உக்காருங்களேன்."

"காத்து வராட்டி நல்லதுதான்" என்றாள் அவள். "அவருக்கு நல்லா வேர்க்கும்."

நான் புடவைகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் போட்டேன். நாத்தனார் கதையோடு ஆரம்பித்தார். பெட்டிகள் குலுங்கிச் சிரித்தன. இரண்டு கார் நிறையப் புடவை போனது. மறுநாள் காலை அவர் பழைய இடத்தில் மேடைமேல் உட்கார்ந்திருந்தார். சந்தனச் சரக்கு மொத்தமும் மச்சான் வீட்டுக்குத் திரும்பிப் போனது.

நான் கல்யாணமாகி ஊரைவிட்டு வந்து நாலைந்து வருஷம் ஆகிறது. எடுக்கிற புடவையின் உள்முனையில் இன்னமும் ஈர விரலை வைத்து இருபது எண்ணிவிட்டுத்தான் எடுக்கிறேன். போன தையில் கடைப்பக்கம் போனேன். அண்ணி சொல்லி வேலூரில் புதிதாக ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறாராம், ஏதோ மாத்திரை கொடுத்திருக்கிறாராம். பிரிக்காத அட்டை, நீலத் துண்டுக்கு அடியில் அப்படியே கிடந்தது.

"போடலியாண்ணா?" என்றேன்.

சுற்றிலும் பார்த்துவிட்டு, உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "போட்டு, நின்னு போச்சின்னா?"